ஆழம் போகப் போகத் துளைவெளி குறைவது மேல்மண்ணின் எடையாலா? 20–30 செ.மீ. அடுக்கு மட்டும் வளைவுக்குள் வரமாட்டேன் என்கிறது

குழிவெட்டி

வணக்கம். மழைநீர் மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது என்று கணக்கிட ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒவ்வொரு ஆழத்துக்கும் துளைவெளி (மண்ணின் கன அளவில் காற்றும் நீரும் இருக்கும் காலியிடம்) எவ்வளவு என்று கொடுக்க வேண்டும். வருடாவருடம் டிராக்டர் உழவு நடக்கும் நிலம், களி கலந்த வண்டல் மண். குழி தோண்டி, வளையம் இறக்கி மாதிரி எடுத்து, 105 டிகிரியில் உலர்த்தி எடை போட்டதில் வந்த பரும அடர்த்தி, அதாவது துளையையும் சேர்த்த கன அளவுக்கு உலர்மண்ணின் எடை, இது (கன செ.மீ.க்கு கிராம்):

0–10 செ.மீ.: 1.12
10–20 செ.மீ.: 1.30
20–30 செ.மீ.: 1.52
30–60 செ.மீ.: 1.44
60–100 செ.மீ.: 1.46

துகள் அடர்த்தி 2.65 என்று வைத்து, பரும அடர்த்தியைத் துகள் அடர்த்தியால் வகுத்து 1-இல் இருந்து கழித்தால், துளைவெளி மேலிருந்து கீழாக 57.7, 50.9, 42.6, 45.7, 44.9 சதவீதம். ஆழம் கூடினால் மேலே இருக்கும் மண்ணின் பாரம் அழுத்தும், துளை குறையும், ஆகவே அடுக்குக்குறிச் சார்பாக ஒரு வளைவு வரைந்துவிடலாம் என்பது என் திட்டம். 20–30 மட்டும் வளைவை விட்டு வெளியே நிற்கிறது. அந்தப் புள்ளியைத் தூக்கிவிட்டால் அழகாகப் பொருந்துகிறது. தூக்கலாமா, இல்லை வேறு சார்பு ஏதாவது இருக்கிறதா?

படிவப்பாறை

இதற்கு ஆத்தி விதி என்றே ஒன்று இருக்கிறது. 1930-இல் ஆத்தி என்ற புவியியலாளர் களிப்பாறைகளை வைத்துச் சொன்னது: ஆரம்பத் துளைவெளியில் இருந்து ஆழத்தோடு அடுக்குக்குறியாகக் குறையும். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் இன்றைக்கும் இதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்கள். 1980-இல் ஸ்க்லேட்டரும் கிறிஸ்டியும் வடகடல் படிவுகளுக்குக் கொடுத்த எண்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. களிப்பாறைக்கு மேற்பரப்பில் 63 சதவீதம், குறையும் வீதம் கிலோமீட்டருக்கு 0.51. மணற்பாறைக்கு 49 சதவீதம், 0.27. உங்கள் எண்களுக்கு ஏற்ற மாதிரி அந்த வீதத்தை மாற்றிக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. ஒரு புள்ளி வெளியே நிற்பதற்கெல்லாம் கவலைப்பட்டால் தரவு வேலையே செய்ய முடியாது.

அடிமண்

தூக்காதீர்கள். உங்கள் பட்டியலிலேயே அதிகம் பேசுகிற எண் அந்த 1.52 தான்.

படிவப்பாறை சொன்ன விதி சரி, ஆனால் அது வேலை செய்யும் அளவுகோல் கிலோமீட்டர். அவர் கொடுத்த எண்களையே போட்டுப் பாருங்கள். 0.51 வீதத்தில் ஒரு கிலோமீட்டர் போனால் 63 என்பது 38 ஆகிறது, மூன்று கிலோமீட்டரில் 14-க்கு வந்துவிடுகிறது. ஒரு மீட்டரில்? 62.97. உங்கள் குழியில் அதே ஒரு மீட்டருக்குள் 13 புள்ளி இறங்கியிருக்கிறது. உங்கள் தரவுக்குப் பொருந்தும்படி வீதத்தை மாற்ற வேண்டுமானால் நூற்றுக்கணக்கான மடங்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றிய பிறகு அது ஆத்தி விதி இல்லை, அடுக்குக்குறி வடிவத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

பாரம் எவ்வளவு என்று நேரடியாகவும் கணக்குப் போடலாம். 25 செ.மீ. ஆழத்தில், மேலே இருக்கும் மண்ணின் எடை ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 30 கிராம், அதாவது 3 கிலோபாஸ்கல். ஒரு மீட்டரில் சுமார் 14. எழுபது கிலோ ஆள் இரண்டு காலும் ஊன்றி நின்றாலே பாதத்தடியில் 15-இல் இருந்து 20 கிலோபாஸ்கல் வருகிறது. டிராக்டர் சக்கரத்தின் கீழே 100-இல் இருந்து 200 வரை. குழிக்குள் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மண், தன் தலைமேல் இருக்கும் அத்தனை மண்ணையும் சேர்த்துச் சுமப்பது உங்கள் பாதம் கொடுக்கும் அழுத்தத்தைவிடக் குறைவு. இந்தச் சின்ன பாரத்துக்கு 13 புள்ளி துளை போகும் என்பதை நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று. பாரம்தான் காரணம் என்றால் 30–60 அடுக்கு 20–30-ஐவிட இறுகி இருக்க வேண்டும். உங்கள் குழியில் தலைகீழாக இருக்கிறது. அது எந்த எடையாலும் வராது.

ஈரக்களி

அடிமண், கொஞ்சம் பொறுங்கள். நான் அடித்தள வேலைப் பக்கம். ஆத்தி விதி மேல்மட்டத்துக்குப் பொருந்தாது என்பது சரி, ஆனால் அதை வைத்துப் பாரமே வேலை செய்யாது என்று முடிவு கட்ட முடியாது. மண்பொறியியல் அறிஞர் டெர்சாகி எழுதிய 1925-இல் இருந்து நாங்கள் சொல்லிவருவது என்ன? வெற்றிட விகிதம் (துளையின் கன அளவைத் துகளின் கன அளவால் வகுத்தது) அழுத்தத்தின் மடக்கையோடு நேர்கோட்டில் குறையும். மடக்கை என்றால் 1 கிலோபாஸ்கலில் இருந்து 10-க்குப் போவதும் 100-இல் இருந்து 1000-க்குப் போவதும் ஒரே அளவு இறுக்கம் தரும். அதாவது மாற்றம் அதிகமாக நடக்கிற இடமே மேல் ஒரு மீட்டர். கடலடிச் சேற்றைப் பாருங்கள், மேற்பரப்பில் 80–90 சதவீதம் துளை, கொஞ்சம் கீழே போனதுமே சடசடவென்று குறைகிறது.

குழிவெட்டியின் எண்ணுக்கே வருகிறேன். 57.7 சதவீதம் என்றால் வெற்றிட விகிதம் 1.36. சாதாரணக் களிக்கு அமுக்கக் குறியீடு (அழுத்தம் பத்து மடங்கானால் வெற்றிட விகிதம் குறையும் அளவு) 0.3 என்று வைத்தால் 1-இல் இருந்து 10 கிலோபாஸ்கலுக்குப் போகும்போது 1.06 ஆகும். திருப்பித் துளைவெளியாக்கினால் 51.5. ஆறு புள்ளி வந்துவிட்டதே!

அடிமண்

நல்ல எதிர்வாதம், இதைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். ஆனால் அந்த 0.3 எந்த மண்ணுக்கு? இதுவரை எந்த அழுத்தத்தையும் பார்க்காத, தண்ணீரில் படிந்து அப்படியே கிடக்கும் சேற்றுக்கு. கடலடிச் சேறு அப்படிப்பட்டதுதான், அதனால் அங்கே உங்கள் கணக்கு கச்சிதம்.

நிலத்து மண் ஒவ்வொரு வருடமும் காய்கிறது. காயும்போது துளைக்குள் இருக்கும் நீர் துகள்களை ஒன்றோடொன்று இழுக்கிறது. வயல் கொள்திறன் நிலையிலேயே, அதாவது மழைநீர் வடிந்து நின்ற பிறகு இருக்கும் ஈரத்திலேயே, அந்த இழுவிசை 10-இல் இருந்து 33 கிலோபாஸ்கல். வாடல் நிலைக்குப் போனால் 1500. துளையில் பாதிதான் நீர் இருக்கிறது, ஆகவே முழு இழுவிசையும் துகள்மேல் விழாது என்று கழித்துக்கொண்டாலும், 100 கிலோபாஸ்கல் வரை காய்ந்த மண்ணுக்குச் சுமார் 50 கிலோபாஸ்கல் அழுத்தம் வாங்கின மாதிரிதான். மேலே இருக்கும் மண்ணின் எடை 14. உங்கள் மொழியிலேயே சொன்னால் இது ஏற்கெனவே மிகையாக இறுகிய மண். அதற்கு நீங்கள் போட வேண்டியது மறு அமுக்கக் குறியீடு, 0.05 மாதிரி. போட்டுப் பாருங்கள்: 1.36 என்பது 1.31 ஆகும், துளைவெளி 57.7-இல் இருந்து 56.7. ஒரு புள்ளி.

மீதிப் பன்னிரண்டு புள்ளி எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

ஈரக்களி

சரி, காய்ந்து நனையும் நிலத்துக்கு ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அப்போதுதான் உழுது பொலபொலவென்று கிடக்கும் மண்ணுக்கு இந்தப் பேச்சு செல்லாது. அது முதல் பெரிய மழையிலேயே தன் எடையாலேயே அமரும், கட்டிகள் நனைந்து உடைந்து ஒன்றின் மேல் ஒன்று சரியும். உழுத மறுநாள் எடுத்த 0–10 எண்ணும் இரண்டு மழைக்குப் பிறகு எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்காது. குழிவெட்டி எப்போது எடுத்தார் என்று சொல்லவில்லை.

புழுநேசன்

எல்லோரும் மண்ணைச் செத்த பொருளாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கேள்வியையே தலைகீழாகக் கேட்க வேண்டும். கீழே துளை ஏன் குறைகிறது என்று கேட்பதைவிட, மேலே துளை எப்படி இவ்வளவு வந்தது என்று கேளுங்கள். ஒரு பொடியான கனிமக் கலவையை அப்படியே விட்டால் அது 40–45 சதவீதத்தில்தான் நிற்கும். உங்கள் அடிமண் அங்கேதான் நிற்கிறது. மேலே இருக்கும் கூடுதல் பத்துப் பன்னிரண்டு புள்ளியை வேர், புழு, எறும்பு, கரையான், பூஞ்சை இழை, மட்கு, அப்புறம் உங்கள் கலப்பை எல்லாம் சேர்ந்து உண்டாக்கிப் பிடித்து வைத்திருக்கின்றன. வேர் செத்து அழுகினால் ஒரு குழாய் மிச்சம். புழு தின்று கழித்தால் ஒரு குருணை மிச்சம். இந்த வேலையெல்லாம் உணவு இருக்கிற இடத்தில்தான் நடக்கும். உணவு மேலே விழுகிறது. அவ்வளவுதான் கதை.

அடிமண்

புழுநேசன் சொன்னதற்கு எண்ணே இருக்கிறது. ஆடம்ஸ் 1973-இல் கொடுத்த ஒரு எளிய சூத்திரம்: மண்ணைக் கரிமப் பொருள், கனிமம் என்று இரண்டாகப் பிரித்து, கரிமப் பகுதிக்கு 0.244 அடர்த்தி வைத்து, கனிமப் பகுதிக்கு ஏதோ ஒரு அடர்த்தி (பலர் 1.64 வைப்பார்கள்) கொடுத்து, இரண்டின் கன அளவையும் கூட்டுவது. கரிமப் பொருள் 5 சதவீதம் என்றால் பரும அடர்த்தி சுமார் 1.28, ஒரு சதவீதம் என்றால் 1.55. எடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமலே மேல்மண்ணும் அடிமண்ணும் பிரிந்துவிட்டன பாருங்கள். இந்தச் சூத்திரம் எல்லா மண்ணுக்கும் ஒத்துவராது, அவர் உழாத நிலங்களை வைத்துச் செய்தது. ஆனால் போக்கைக் காட்டப் போதும்.

இனி 20–30. உழும்போது டிராக்டரின் ஒரு பக்கச் சக்கரம் சாலுக்குள்ளேயே ஓடுகிறது. அதாவது நூறு, நூற்றைம்பது கிலோபாஸ்கலை மேல்மண்மீது வைக்காமல் நேராகச் சாலின் அடியில் வைக்கிறோம். கொழுவின் அடிப்பக்கம் வேறு அதே ஆழத்தில் ஈர மண்ணைத் தேய்த்து வழவழப்பாக்குகிறது. வருடாவருடம் அதே ஆழம். மேலே இருப்பதை அடுத்த உழவு கலைத்துவிடும், கீழே இருப்பதைத் தொடுகிறவர் யாரும் இல்லை. அதுதான் உழவுத்தட்டு. 30-க்குக் கீழே அந்த அழுத்தம் பரவித் தேய்ந்துபோகிறது, அதனால் 1.44.

குழிவெட்டி

ஈரக்களி கேட்டதற்கு: மாதிரி எடுத்தது உழவு முடிந்து சில மழை பெய்த பிறகு. மேல்மண் ஓரளவு அமர்ந்துவிட்டது.

சரி, 20–30-ஐத் தூக்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். 57.7-இல் இருந்து 42.6. பெரிய வித்தியாசமாகவே தெரியவில்லையே? நிரலில் துளைவெளியை வைத்து நீர்க்கடத்துதிறனைக் கோசெனி–கார்மன் சூத்திரத்தில் கணக்கிடுகிறேன், நாலரை மடங்குதான் குறைகிறது. ஆனால் நிலத்தில் மழை பெய்தால் மேல் இருபது செ.மீ. குழம்பாகி நிற்கிறது, கீழே ஈரமே போவதில்லை. நாலரை மடங்கு குறைந்ததற்கு இப்படி நிற்குமா?

அடிமண்

நிற்காது. மேல்மண்ணுக்கும் உழவுத்தட்டுக்கும் நீர்க்கடத்துதிறனில் பத்து மடங்கு, நூறு மடங்கு வித்தியாசம் என்பது சாதாரணம். மொத்தத் துளைவெளி என்ற ஒற்றை எண் அதைச் சொல்லாது. மணலில் 40 சதவீதம் துளை, களியில் 50 சதவீதம். தண்ணீர் எதில் வேகமாக இறங்கும் என்று யாரும் யோசித்துச் சொல்லத் தேவையில்லை, ஆனால் துளைவெளியை மட்டும் பார்த்தால் களி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு குழாயில் ஓடும் நீர் அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. பத்து மடங்கு பெரிய துளையில் பத்தாயிரம் மடங்கு நீர். ஒரே பரப்பளவுக்கு என்று வைத்தாலும், அதாவது ஒரு பெரிய துளைக்குப் பதில் அதே பரப்புக்கு நூறு சின்னத் துளை போட்டாலும், நூறு மடங்கு குறைவு. ஆகவே எவ்வளவு துளை போனது என்பதைவிட எந்தத் துளை போனது என்று கேட்க வேண்டும்.

துளை விட்டத்துக்கும் இழுவிசைக்கும் ஒரு எளிய தொடர்பு உண்டு: 0.3-ஐ விட்டத்தால் (செ.மீ.யில்) வகுத்தால் எத்தனை செ.மீ. நீர்த்தம்ப இழுவிசையில் அந்தத் துளை காலியாகும் என்று வரும். 30 மைக்ரான் துளை 100 செ.மீ.யில் காலியாகும். 0.2 மைக்ரான் துளையில் இருக்கும் நீரை எடுக்க 15,000 செ.மீ. வேண்டும், அதுதான் வாடல் நிலை, அதற்குக் கீழே செடிக்குக் கிடைக்காது.

இப்போது ஒரு பேச்சுக்கு உங்கள் மேல்மண்ணில் 57.7-இல் 35 புள்ளி 30 மைக்ரானுக்குக் குறைந்த துளை, மீதி 22.7 அதைவிடப் பெரியது என்று வைத்துக்கொள்வோம். உழவுத்தட்டில் 42.6-இல் 34 சின்னது, 8.6 பெரியது. சின்னத் துளை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, போனதெல்லாம் பெரியது. அழுத்தம் எப்போதும் பெரிய துளையைத்தான் முதலில் சாப்பிடும். சில நேரம் சின்னத் துளை கொஞ்சம் கூடவும் செய்யும், நசுங்கிய பெரிய துளைகள் சின்னதாக மாறுவதால். மொத்தத்தில் கால்வாசிதான் குறைந்தது, ஆனால் நீர் ஓடும் பாதையில் ஐந்தில் மூன்று பங்கு போய்விட்டது. நான் சொன்ன பிரிப்பு உத்தேசம்தான், உங்கள் மண்ணுக்கு அளந்துதான் போட வேண்டும்.

காற்றுக்கும் இதே நிலை. காற்று நிறைந்த துளை பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் வேருக்கு மூச்சு முட்டும் என்பது பொதுவாக எல்லோரும் வைத்துக்கொள்ளும் எல்லை. 8.6 அதற்குக் கீழே. மழை வடிந்த பிறகும் அந்த அடுக்கில் வேர் திணறும்.

சும்மாபடிப்பவன்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அப்படியானால் மேற்பரப்பு, அதாவது பூஜ்ஜிய ஆழத்தில்தான் துளைவெளி அதிகம், அங்கிருந்து குறைந்துகொண்டே வரும், இடையில் உழவுத்தட்டு ஒரு பள்ளம், பிறகு சமன். இவ்வளவுதானா வடிவம்?

புழுநேசன்

பூஜ்ஜியத்தில் அதிகம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். மூடாமல் கிடக்கும் நிலத்தில் மழைத்துளி நேராக அடித்துக் குருணையை உடைத்து, பொடியைத் துளைக்குள் திணித்துவிடும். மேலே சில மில்லிமீட்டரில் ஒரு பொருக்கு. 10 செ.மீ. வளையத்தில் அது கரைந்துபோய் எண்ணிலேயே தெரியாது, ஆனால் மழை உள்ளே போகுமா ஓடிவிடுமா என்று தீர்மானிப்பது அந்தப் பொருக்குத்தான். சருகு மூடியிருந்தால் இந்தச் சிக்கலே வராது.

படிவப்பாறை

ஒரு மீட்டருக்குக் கீழே சமன் என்றும் எழுதிக்கொள்ள வேண்டாம், அது எங்கள் பக்கம்! கருங்கல் இருந்த இடத்திலேயே மட்கி மண்ணாகும்போது கனிமங்கள் கரைந்து போகும், ஆனால் கல்லின் கன அளவும் உள் அமைப்பும் அப்படியே நிற்கும். கையால் நொறுக்கலாம், பார்த்தால் கல் மாதிரியே இருக்கும். எடையில் மூன்றில் ஒரு பங்கு கரைந்து போயிருந்தால் அங்கே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு துளைவெளி. மேலே களி சேர்ந்து இறுகிய அடுக்கு, கீழே அதைவிடத் துளை அதிகமான மட்கிய கல், இன்னும் கீழே ஒன்றிரண்டு சதவீதம்கூட இல்லாத பச்சைக் கல். இது எந்த வளைவிலும் அடங்காது. என் ஆத்தி விதி இங்கே செல்லாது என்பது எனக்கும் தெரியும், படிவுகளுக்குச் செய்த விதி அது.

ஈரக்களி

காற்று கொண்டுவந்து படிய வைத்த புழுதி மண்ணும் அப்படித்தான். பல மீட்டர் ஆழத்திலும் 45–50 சதவீதம் துளை இருக்கும், துகளுக்குத் துகள் ஒட்டுப்போட்ட மாதிரி நிற்கிறது. நனைந்தால் ஒட்டு கரைந்து பொத்தென்று இறங்கும், மேலே கட்டிடம் இருந்தால் தொலைந்தது. நனையும் வரை பாரம் அதை ஒன்றும் செய்யாது.

அடிமண்

இவற்றோடு எரிமலைச் சாம்பல் மண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் இலக்கணமே பரும அடர்த்தி 0.9-க்கு மேல் போகக் கூடாது என்பதுதான். ஆழத்திலும் 65, 70 சதவீதம் துளை சாதாரணம். வெடிக்கும் கருங்களியில் நிலைமை வேறு: ஈரமாக இருக்கும்போது எடுத்த அடர்த்தி ஒன்று, காய்ந்தபோது எடுத்தது இன்னொன்று, கட்டிக்குள் துளை சுருங்கி அது வெடிப்பாக மாறிவிடுகிறது. அங்கே எந்த ஈரத்தில் அளந்தோம் என்று எழுதாத எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

எடை கம்மி, மட்கு கம்மி என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில் ஒன்று விட்டுப்போகிறது. மேலிருந்து நீர் கழுவிக்கொண்டு இறக்கும் களி. அது அரை மீட்டர், முக்கால் மீட்டரில் துளைகளின் சுவரில் பூச்சுப்பூச்சாகப் படிந்து பாதையை அடைக்கும். உழவே படாத காட்டு மண்ணிலும் நடுவில் ஒரு இறுகிய அடுக்கு இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை. குழிச்சுவரில் ஒரு கட்டியை உடைத்துப் பளபளப்பான மேல்தோல் தெரிகிறதா என்று பாருங்கள்.

குழிவெட்டி

பளபளப்பு 40 செ.மீ.க்குக் கீழே கொஞ்சம் இருக்கிறது. 20–30-இல் கட்டிகள் கிடைமட்டமாகத் தகடு தகடாகப் பிரிகின்றன, வேர்கள் அதன் மேல் திரும்பிப் பக்கவாட்டில் ஓடுகின்றன.

இன்னொரு தலைவலி. நீர்க்கடத்துதிறனையும் சில வளையங்களில் அளந்து பார்த்தேன். 30–60-இல் ஒரே ஆழம், ஒரே குழி, ஒரு வளையம் மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு அதிகம் காட்டுகிறது. இதையாவது தூக்கலாமா?

புழுநேசன்

ஹா ஹா. அந்த வளையத்தில் புழு வளை விழுந்திருக்கும்.

கணக்கு இதோ. 5 மி.மீ. விட்டம் உள்ள வளை, சதுர மீட்டருக்கு 100 இருக்கிறது என்று வைப்போம். மொத்தப் பரப்பு 0.2 சதவீதம்கூட இல்லை. துளைவெளிச் சதவீதத்தில் முதல் தசம இடத்தில் ஒளிந்துகொள்ளும். ஆனால் மேற்பரப்பு வரை திறந்திருந்தால் எந்த மழையையும் விழுங்கிவிடும். ஆழமாக வளை போடும் புழுக்கள் இரண்டு மீட்டருக்கு மேலும் போகும், அதனால் இது மேல்மண் விவகாரம் மட்டும் இல்லை.

5 செ.மீ. விட்டமுள்ள வளையத்தின் பரப்பு சுமார் 20 சதுர செ.மீ. அதே கணக்கில் ஐந்து வளையத்துக்கு ஒன்றில்தான் ஒரு வளை மாட்டும். நான்கில் மாட்டாது. நான்கும் பொய் சொல்லவில்லை, ஐந்தாவதும் பொய் சொல்லவில்லை.

அடிமண்

அதனால் சராசரி போட்டு ஒரே எண்ணாக்காதீர்கள். நிரலில் இரண்டு பாதை வையுங்கள்: மண்ணின் உடம்பு வழியாக மெதுவாகப் போகும் நீர் ஒன்று, பெருந்துளை வழியாக நேராக இறங்கும் நீர் இன்னொன்று. மேலே நீர் தேங்கும்போது மட்டும் இரண்டாவது திறக்கும். உழவு பெருந்துளைகளை மேல் இருபது செ.மீ.யில் அறுத்துவிடுகிறது, கீழே வளைகள் அப்படியே இருந்தாலும் மேலே தொடர்பு இல்லை. உங்கள் நிலத்தில் தட்டுக்கு மேல் நீர் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுக்குக்குறிச் சார்பு வேண்டும் என்று ஆசையாக இருந்தால் அதை நீர்க்கடத்துதிறனுக்குப் போடலாம். பெவனும் கிர்க்பியும் 1979-இல் வெளியிட்ட டாப்மாடல் அப்படித்தான் செய்கிறது. அது மலைச்சரிவு முழுவதையும் ஒன்றாகப் பார்க்கிற மாதிரி, ஒரு குழிக்கு எழுதியது இல்லை. உங்களுக்கு அடுக்கடுக்காகப் படிக்கட்டு மாதிரி எண் கொடுப்பதே போதும். 20-இலும் 30-இலும் எண் சட்டென்று குதிக்கட்டும், மண்ணும் அங்கே குதிக்கத்தான் செய்கிறது.

வரப்பு

நடைமுறைக் கேள்வி. தட்டை உடைக்க ஆழக்கலப்பை போட்டால் இந்தத் துளை திரும்ப வருமா?

அடிமண்

காய்ந்திருக்கும்போது போட்டால் வெடித்து உடையும், வரும். ஈரமாக இருக்கும்போது போட்டால் கொழு வெண்ணெயில் கத்தி போன மாதிரி ஒரு கீறலை விட்டுப் போகும், பக்கச் சுவர் இன்னும் வழவழப்பாகும். உடைத்த பிறகு மண்ணுக்குத் தாங்கும் சக்தியே இருக்காது, முதல் முறை சக்கரம் ஏறினாலே பழைய நிலைக்கு, சில நேரம் அதைவிட மோசமாகப் போகும். உடைத்த பருவத்திலேயே ஆழவேர்ப் பயிர் வைத்து, சக்கரம் போகும் தடத்தை நிரந்தரமாக ஒதுக்கினால்தான் செலவுக்குப் பலன்.

ஈரக்களி

குழிவெட்டிக்கு அளவீடு பற்றி ஒன்று. எல்லா ஆழத்துக்கும் 2.65 போட்டிருக்கிறீர்கள். மேல்மண்ணில் மட்கு ஆறு சதவீதம் இருந்தால் துகள் அடர்த்தி 2.5-க்கு இறங்கும், ஏனென்றால் மட்கு இலேசானது. அடிமண் இரும்பு ஆக்சைடு நிறைந்த செம்மண்ணாக இருந்தால் 2.75-க்கு ஏறும். அப்படிப் போட்டால் மேலே 57.7 என்பது 55.2, 60–100-இல் 44.9 என்பது 46.9. பதின்மூன்று புள்ளி வித்தியாசம் எட்டாகச் சுருங்கிவிட்டது. இரண்டு பிழையும் எதிர்த்திசையில் இருப்பதால் ஒன்றை ஒன்று சரிக்கட்டாமல் இடைவெளியைப் பெரிதாக்குகின்றன. மேலும் கீழும் ஒவ்வொரு மாதிரிக்காவது துகள் அடர்த்தியை அடர்த்திக் குப்பியில் அளந்துவிடுங்கள்.

வளையம் இறக்கும்போது உள்ளே இருக்கும் மண்மட்டம் வெளியே இருக்கும் மட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால் நீங்களே மண்ணை அமுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு வேறு எடுங்கள். சரளைக்கல் இருந்தால் அதன் எடையையும் கன அளவையும் கழிக்க வேண்டும். கட்டியை மெழுகில் முக்கி அளந்த அடர்த்தியோடு வளைய அடர்த்தியை ஒப்பிடாதீர்கள். கட்டிக்கும் கட்டிக்கும் இடையில் இருக்கும் துளை மெழுகு முறையில் விட்டுப்போவதால் அது எப்போதும் கூடுதலாகவே காட்டும்.

குழிவெட்டி

அடிமண் இரும்பு நிறம் இல்லை, சாம்பல் பழுப்புதான். மேல்மண்ணுக்கு மட்டும் துகள் அடர்த்தி அளக்கிறேன். பெருந்துளைக்குத் தொங்கு நீர்த்தம்பம் ஒன்றைக் கண்ணாடிப் புனலில் கட்டலாம் என்று பார்க்கிறேன், 100 செ.மீ. இழுவிசை வரைதான் போகும், போதுமா? அப்புறம் 30–60, 60–100 என்று தடிமனான அடுக்குகளாகவே விடலாமா?

அடிமண்

100 செ.மீ. போதும், 30 மைக்ரான் எல்லையே அங்கேதான் வருகிறது. அதற்கு மேல் உள்ள இழுவிசைக்குச் சின்னத் துளைதான் காலியாகும், அது உங்கள் ஆழங்களில் அதிகம் மாறாது.

60–100 அப்படியே இருக்கட்டும். மேலே இருப்பதை மட்டும் பொடியாகப் பிரியுங்கள். தட்டு எட்டு செ.மீ. தடிமனில் 18-இல் தொடங்கி 26-இல் முடிந்தால், உங்கள் 10–20-உம் 20–30-உம் அதை ஆளுக்குக் கொஞ்சம் பங்குபோட்டு நீர்க்கச் செய்துவிடும், உண்மையான அடர்த்தி 1.52-ஐவிட அதிகமாக இருக்கலாம். முதலில் ஊடுருவல்மானியை (மண்ணின் எதிர்ப்பை அளக்கும் கம்பி) குத்தி எந்த ஆழத்தில் எண் ஏறி எந்த ஆழத்தில் இறங்குகிறது என்று பாருங்கள், 2 மெகாபாஸ்கலைத் தாண்டினால் வேருக்குக் கஷ்டம். மண் வயல் கொள்திறன் ஈரத்தில் இருக்கும்போது குத்த வேண்டும், காய்ந்த மண்ணில் எல்லாமே தட்டாகத்தான் தெரியும். தட்டின் எல்லை தெரிந்த பிறகு அதற்குள் மூன்று செ.மீ. உயர வளையமாக இறக்குங்கள்.

ஒரு மீட்டருக்குக் கீழே நிரலில் என்ன கொடுப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். 44.9-ஐ அப்படியே நீட்டுவதற்கு முன்னால் குழியின் அடியில் இருந்து கை ஆகரை (கையால் திருகி மண் எடுக்கும் துளைகருவி) இன்னொரு மீட்டர் இறக்கிப் பாருங்கள். அதே மண் வந்தால் நீட்டுங்கள். படிவப்பாறை சொன்ன மட்கிய கல் வந்தால் அதைத் தனி அடுக்காக வைத்து அவரிடமே கேளுங்கள்.